ஆட்டக்காரனும் அணித்தலைவனும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலை ஒட்டி அமைந்த ஊர்களுள் ராயகிரியும் ஒன்று. சிவகிரிக்கு அண்மையில் உள்ள இப்பேரூர் முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது; 2019ஆம் ஆண்டில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. குற்றாலத்தில் சாரல் தூறும் ஆனி, ஆடித் திங்களில் இவ்வூருக்கு மேற்கே மலைமுகடுகள் முகில் போர்த்து நிற்கும். மாலையில் காற்று இனிதாக வீசும். அத்தகைய மாலைப்பொழுது ஒன்றில், ஊர்ப்புறத்துத் திடலில் இளைஞர் சிலர் கால்பந்தாடி முடித்து, வட்டமாக அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம்.

அவர்கள் முன் ஒரு வினா நிற்கின்றது. இன்னும் பத்து நாளில் பக்கத்து ஊர் அணியோடு போட்டி. பின்னின்று காப்போரும் நடுவில் நின்று பந்தைக் கடத்துவோரும் திறமுடையவரே. ஆனால் முன்னே பாய்ந்து பந்தை வலைக்குள் செலுத்தவல்லார் எவரும் இலர். வேறு ஆளின்மையால் அணித்தலைவனே அவ்விடத்தில் ஆடிவருகின்றான்; சென்ற மூன்று போட்டிகளில் அவன் ஒரு கோலும் அடித்தானில்லை. பக்கத்துச் சிற்றூரில் ஓர் இளைஞன் உளன். பந்து அவன் காலோடு ஒட்டிப் பிறந்ததோ என்று காண்போர் வியப்பர். பழைய அணியை விட்டு நீங்கிய அவன் ராயகிரி அணியில் சேர விரும்புகின்றான். ஆயினும் அவனைப் பற்றி வரும் பேச்சு நல்லதாக இல்லை. நடுவரோடு வாதிட்டு வெளியேற்றப்பட்டவன், பயிற்சிக்கு ஒழுங்காக வாராதவன், தலைவன் சொல்லுக்கு அடங்காதவன் என்று பலரும் கூறுகின்றனர்.

"நமக்குக் கோல் அடிப்பவன் வேண்டுமா, கும்பிடு போடுபவன் வேண்டுமா? சேர்த்துக்கொள்வோம்" என்கின்றான் ஒருவன். "குடம் பாலுக்குத் துளி நஞ்சு போதும், வேண்டவே வேண்டா" என்கின்றான் மற்றொருவன். ஒருநாளும் பயிற்சி தவறாத இளையவன் ஒருவன், "அண்ணாச்சி, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வந்தவர்கள் நாங்கள். நேற்று வந்தவனுக்காக எங்களுள் ஒருவனை வெளியே உட்கார வைப்பீர்களா?" என்று கேட்கின்றான். தலைவன் விடை கூறாமல் இருக்கின்றான். மூவர் கூற்றிலும் உண்மை இருத்தலின், விடை கூறுதல் எளிதன்று.

இவ்வினா ராயகிரித் திடலுக்கு மட்டும் உரியதன்று. ஆற்றலுடையான் ஒருவன் அடங்காதவன் எனப் பெயர் பெற்றிருப்பின் அவனை ஏற்பதா, விடுப்பதா என்னும் ஐயம் அரசர் அவை முதல் ஆடுகளம் வரை எங்கும் உண்டு. திருவள்ளுவர் அரசியலைக் கூறுமிடத்து, 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என மற்றோர் அதிகாரமும் வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்தல் ஒன்று. தேர்ந்த ஆளை அறிந்து ஆளுதல் மற்றொன்று. முன்னதைச் செய்தோர் பலர் பின்னதை மறந்துவிடுகின்றனர். அதனால் விளையும் கேட்டினை நம் நாட்டு ஆட்ட வரலாறே காட்டுகின்றது.

1936ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட்டு அணி இங்கிலாந்திற்குச் சென்றது. அவ்வணியில் லாலா அமர்நாத் என்னும் பஞ்சாபிய இளைஞர் இருந்தார். அவர் 1933ஆம் ஆண்டு திசம்பரில் பம்பாயில் ஆடிய தம் முதல் டெஸ்டுப் போட்டியிலேயே 118 ஓட்டம் எடுத்தவர். டெஸ்டுப் போட்டியில் நூறு ஓட்டம் எடுத்த முதல் இந்தியர் அவரே. மட்டையாட்டம், பந்துவீச்சு ஆகிய இரண்டிலும் வல்லவர், உள்ளத்தில் பட்டதை ஒளியாமல் கூறும் இயல்பினர், விரைந்து சினப்பவர்.

அவ்வணிக்குத் தலைவராக அமைந்தவர் விசயநகர இளவரசர். அவரை ஆட்ட உலகத்தார் 'விஸ்ஸி' என அழைப்பர். ஆட்டத்திறத்தாலன்றிச் செல்வத்தாலும் செல்வாக்காலும் அவர் அப்பதவியை அடைந்தார் என்பது கிரிக்கெட்டு வரலாறு எழுதினோர் கருத்து. இந்தியாவின் முதல் டெஸ்டுத் தலைவராய் 1932இல் விளங்கிய சி. கே. நாயுடு போன்ற மூத்த ஆட்டக்காரர் அவருக்குக் கீழ் ஆட நேர்ந்தது. அணிக்குள் தலைவரைச் சார்ந்தோர், சாராதோர் எனப் பிரிவுகள் தோன்றின.

அச்சுற்றுப்பயணத்தின் தொடக்கத்தில் அமர்நாத் சிறப்பாக ஆடினார். எசெக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு இன்னிங்சிலும் நூறு ஓட்டம் கடந்தார். டெஸ்டுப் போட்டிகள் தொடங்குமுன்னரே அவர் 613 ஓட்டம் எடுத்து, 32 விக்கெட்டும் வீழ்த்தியிருந்தார். அவ்வேளையில், ஜூன் திங்களில், லார்ட்ஸ் திடலில் மைனர் கௌண்டீஸ் அணியோடு ஓர் ஆட்டம் நடந்தது. அமர்நாத்திற்கு முதுகில் வலி இருந்தது. தம் முறை வரும் என்று அவர் கால்கவசம் கட்டிக் காத்திருக்க, தலைவரோ பிறரை ஒருவர்பின் ஒருவராக முன்னர் அனுப்பினார். அன்றைய ஆட்டம் முடியும் தறுவாயிலேயே அமர்நாத் களத்திற்கு அனுப்பப்பட்டார். ஆடிவிட்டுத் திரும்பிய அவர் கவசங்களைக் கழற்றி வீசியெறிந்தார். தம் தாய்மொழியில் சில கடுஞ்சொற்களைக் கூறினார்.

அணிக்கு முறையற்ற செயல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு விதிக்கப்பெற்ற தண்டனை யாது? தலைவரும் மேலாளர் பிரிட்டன்-சோன்சும் அவரைக் கப்பலேற்றித் தாய்நாட்டிற்கே திருப்பியனுப்பினர். உடன் ஆடியோர் சிலர் பரிந்து பேசியும் பயனில்லை. முதல் டெஸ்டுப் போட்டிக்குச் சில நாளே இருந்தன.

அதன் விளைவை அணி விரைவிலேயே நுகர்ந்தது. லார்ட்சில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா முதல் இன்னிங்சில் 147 ஓட்டம் எடுத்தது. அமர்சிங்கின் அரிய பந்துவீச்சால் இங்கிலாந்து 134 ஓட்டத்தில் சுருண்டது. வெற்றி கைக்கெட்டும் நிலையில் இருந்தது. ஆயின் இரண்டாம் இன்னிங்சில் இந்தியா 93 ஓட்டத்தில் வீழ்ந்து, ஒன்பது விக்கெட்டு வேறுபாட்டில் தோற்றது. மான்செஸ்டரில் நடந்த இரண்டாவது போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மர்ச்சண்டும் முஷ்தாக் அலியும் முதல் விக்கெட்டிற்கு 203 ஓட்டம் சேர்த்தது அப்போட்டியில்தான். சென்னையைச் சேர்ந்த சி. இராமசாமி தம் நாற்பதாம் வயதில் முதன்முதலாக டெஸ்டு ஆடி, 40, 60 என ஓட்டம் எடுத்துத் துணைநின்றதும் அப்போட்டியில்தான். மூன்றாவது போட்டியில் மீண்டும் தோல்வி. அமர்நாத் இருந்திருப்பின் வென்றேயிருப்போம் என்று கூறுதல் இயலாது; ஆனால் மட்டைக்கும் பந்திற்கும் ஒருங்கே உரிய ஒருவர் அணியில் இல்லாத குறை வெளிப்படையாகத் தெரிந்தது.

ஆடவந்தும் ஆடப்பெறாதார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவ்வணியில் சென்னை எம். ஜே. கோபாலனும் இருந்தார். அவர் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் ஒருங்கே தேர்ந்தவர். அவ்வாண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வாய்ப்பினை விட்டுக் கிரிக்கெட்டுச் சுற்றுப்பயணத்தைத் தேர்ந்துகொண்டார். ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வென்றது. கோபாலனோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டும் ஆடாமல் திரும்பினார். அடங்காதவன் எனப் பெயர் பெற்றவன் மட்டுமன்றி, அடங்கி நடந்தவனும் முறையற்ற தலைமையின்கீழ் இழப்புக்கு ஆளாவான் என்பதற்கு இது சான்று.

மூன்று டெஸ்டுகளிலும் தலைவர் தமக்குரிய இடத்தை விட்டாரல்லர். ஆறு இன்னிங்சில் அவர் எடுத்த ஓட்டம் மொத்தம் 33.

அணி திரும்பியபின் நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமாண்டு தலைமையில் ஒரு குழு இதனை ஆராய்ந்தது. 1937ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்குழு தன் முடிவினைக் கூறியது. அமர்நாத்தின்மேல் சாட்டிய பழி நீங்கியது. தலைவர் தமக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். களத்தில் ஆட்களை நிறுத்தும் முறையையும் பந்துவீசுவோரை மாற்றும் முறையையும் அறியார். மட்டையாடுவோர் வரிசையை நிலையாக வைத்தாரல்லர் எனக் குழு குறை கண்டது. கவசம் கட்டிக் காத்திருந்த ஆட்டக்காரரின் சினத்திற்கு அடிப்படை இருந்தது என்பது அப்பொழுது விளங்கிற்று. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்னும் பழமொழி இங்கு நினைவிற்கு வருகின்றது. முறையை வகுக்கத் தெரியாத தலைமை, முறைகேட்டின் பழியைத் தன் ஆட்டக்காரன் தலையில் ஏற்றிற்று.

அமர்நாத்தின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. 1934 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் டெஸ்டு ஆடிய அவர், மறுமுறை டெஸ்டு ஆடியது 1946இல்தான். இடையில் உலகப்போரும் குறுக்கிட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் டெஸ்டுத் தலைவராய் 1947இல் ஆஸ்திரேலியாவிற்கு அணியை அழைத்துச் சென்றவர் அவரே. 1952ஆம் ஆண்டில் பாகிஸ்தானுக்கு எதிரான தொடரில் இந்தியா முதன்முதலாகத் தொடர்வெற்றி பெற்றதும் அவர் தலைமையிலேயே. ஆயினும் அவர் முற்றும் மாறிவிட்டார் என்று நினைத்தலும் தவறு. 1949ஆம் ஆண்டில் கிரிக்கெட்டு வாரியத்தோடு மீண்டும் பூசல் மூண்டு, ஒழுங்கு மீறினார் என அவர் விலக்கிவைக்கப்பட்டார். சினம் அவரோடே இருந்தது. ஆற்றலும் அவரோடே இருந்தது. இரண்டனுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் பெற்றுக்கொள்ள எந்த அணியாலும் இயலவில்லை.

இனிக் கால்பந்தாட்டத்தில் நிகழ்ந்த மற்றொரு வரலாற்றைக் காண்போம். எரிக் கந்தோனா என்பவர் பிரான்சு நாட்டு மார்சேய் நகரினர். பந்தை அவர் கையாளும் அழகு கண்டோரை மயக்கும். ஆனால் சென்ற இடமெல்லாம் பூசல். 1988ஆம் ஆண்டில் நாட்டணியின் பயிற்சியாளரைத் தொலைக்காட்சியில் இழித்துப் பேசியதனால் நாட்டணியினின்று விலக்கப்பட்டார். 1991ஆம் ஆண்டு இறுதியில் நடுவர்மேல் பந்தை எறிந்து தண்டனை பெற்றார். விசாரணையில் இருந்தோரையும் ஏசியதனால் அத்தண்டனை நீண்டது. அதன்பின் இங்கிலாந்து சென்று, 1992இல் லீட்ஸ் அணி நாட்டுச் சாம்பியனாக வெல்ல உதவினார். அவ்வாண்டு நவம்பரிலேயே லீட்ஸ் அவரைப் பிற அணிக்குக் கொடுத்துவிட்டது.

அவரை ஏற்றுக்கொண்டது மான்செஸ்டர் யுனைடெட் அணி. அதன் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் கந்தோனாவின் முன்வரலாற்றை அறியாதவர் அல்லர், அறிந்தே ஏற்றார். 1967க்குப் பின் நாட்டுச் சாம்பியன் பட்டத்தைக் காணாத அவ்வணி, 1993இல் அதனை வென்றது. மறு ஆண்டும் வென்றது. பயிற்சி முடிந்தபின்னும் கந்தோனா திடலில் நின்று தனியே பயில்வார். அதனைக் கண்ட இளைய ஆட்டக்காரரும் அவ்வாறே பயிலத் தொடங்கினர். அவரிடம் இருந்த குற்றம் சினமேயன்றிச் சோம்பல் அன்று என்பதை மேலாளர் நன்கறிந்திருந்தார்.

எனினும் அஞ்சியது நடந்தே தீர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் ஆட்டத்தினின்று வெளியேற்றப்பட்ட கந்தோனா, தம்மை ஏசிய பார்வையாளர் ஒருவர்மேல் பாய்ந்து உதைத்தார். அது பொறுக்கத்தக்க குற்றமன்று. அணியே அவரை அப்பருவம் முடியும்வரை விலக்கியது. கால்பந்தாட்டச் சங்கம் அவ்விலக்கைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டியது. நீதிமன்றம் முதலில் சிறைத்தண்டனை விதித்து, மேல்முறையீட்டில் 120 மணிநேரப் பொதுத்தொண்டாக மாற்றியது. சிறுவர்க்குக் கால்பந்து கற்பித்து அவர் அதனை நிறைவேற்றினார். அவர் இல்லாத அப்பருவத்தில் அணி நாட்டுப் பட்டத்தை ஒரே புள்ளியில் இழந்தது. கோப்பையின் இறுதி ஆட்டத்திலும் தோற்றது. சினமுடையானை ஏற்போர் இத்தகைய விலையும் கொடுக்க நேரும் என்பதை மறைத்தல் ஆகாது.

மனமுடைந்து இங்கிலாந்தை விட்டே செல்ல எண்ணிய கந்தோனாவைப் பாரிசு நகருக்குச் சென்று கண்டு, திரும்பி வருமாறு பெர்குசன் தேற்றினார்.  தண்டனை பெற்றவனை அவர் கைவிடவில்லை. 1995 அக்டோபர் முதல் நாள் கந்தோனா களம் திரும்பினார். அப்பருவத்தில் அணி பட்டத்தையும் கோப்பையையும் ஒருங்கே வென்றது. 1996 மே மாதம் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் அணித்தலைவராய் நின்று, வெற்றிக் கோலை அடித்தவர் கந்தோனாவே. ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பர் நம் நாட்டு உழவர். பெர்குசன் அம்முறை அறிந்தவர்.

இவ்விரு வரலாற்றையும் ஒப்பிட்டால் சில உண்மைகள் புலனாகும். அமர்நாத் செய்தது சிறு பிழை. கந்தோனா செய்தது பெருங்குற்றம். ஆயினும் சிறு பிழையினால் ஓர் அணி சிதைந்தது. பெருங்குற்றத்தின் பின்னும் மற்றோர் அணி தழைத்தது. வேறுபாடு ஆட்டக்காரரிடத்து மட்டும் இல்லை. அவரை ஆண்டவரிடத்தும் இருந்தது. ஆகவே, 'இவன் தொல்லை தருபவனா?' என்னும் ஒரு வினாவோடு நின்றுவிடுதல் போதாது.

முதலாவது, அவன் குற்றம் எத்தகையது என்று வினவுதல் வேண்டும். சினம் வேறு, சோம்பல் வேறு, வஞ்சகம் வேறு. சினத்தைக் கட்டலாம், சோம்பலையும் ஓரளவு திருத்தலாம். காசு வாங்கித் தோற்பவனையும், உடன் ஆடுவோனை வேண்டுமென்றே ஊறுபடுத்துபவனையும் எத்துணை ஆற்றல் இருப்பினும் சேர்த்தல் தகாது. இரண்டாவது, அவனைக் குற்றவாளி என்பவர் யார், அவன் கூற்றையும் கேட்டனரா என்று ஆராய்தல் வேண்டும். ஒருபுறம் கேட்டு உரைக்கும் தீர்ப்பு, தீர்ப்பு ஆகாது. மூன்றாவது, அவனுக்கு விதிக்கும் முறை மற்றவர்க்கும், முதற்கண் தலைவனுக்கும், பொருந்துமா என்று காணுதல் வேண்டும். வல்லவனுக்கு ஒரு முறையும் மெல்லியோர்க்கு ஒரு முறையும் வைப்பின், நாள்தோறும் வந்து பயில்வோர் மனம் நோவர். தலைவன் மட்டும் முறைக்குப் புறம்பாக நிற்பின், அணி முழுதும் கெடும்.

இவற்றை எண்ணி, ராயகிரித் தலைவன் அவ்விளைஞனை மறுநாள் அழைத்து வினவுவதாகக் கொள்வோம். "பயிற்சிக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்க, அவன் விடை கூறுகின்றான். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை ஏற்றும் வேலை அவனுக்கு. வண்டி புறப்பட்ட பின்னரே அவன் வீடு திரும்புதல் கூடும். பழைய அணியில் இதனை எவரும் கேட்டதில்லை. அவனும் வீம்பினால் கூறியதில்லை. "நடுவரோடு ஏன் பூசலிட்டாய்?" என்று கேட்க, அவன் தலைகுனிகின்றான். அதற்கு அவனிடம் காரணம் இல்லை.

தலைவன் அனைவரையும் கூட்டித் தன் முடிவினைக் கூறுகின்றான். விடியற்காலையில் ஒரு மணிநேரம் பயிற்சி. அதற்கு வாராதவர் எவராயினும் போட்டியில் ஆடார். நடுவரை எதிர்த்துப் பேசுபவன் எவனாயினும் அவ்வாட்டத்தினின்றும் அடுத்த ஆட்டத்தினின்றும் நீங்குவான். தலைவனுக்கும் இதுவே விதி. புதியவன் இதற்கு உடன்பட்டால் சேரலாம்.

"அவனுக்கு இடம் யாருடையது, அண்ணாச்சி?" என்று முன்னர்க் கேட்ட இளையவனே மறுபடியும் கேட்கின்றான்.

"முன்னே ஆடுகின்ற இடம்தானே குறையாக உள்ளது? அங்கே ஆடி வருபவன் நான். மூன்று போட்டியில் ஒரு கோலும் அடியாதவன் வெளியே அமர்வதுதான் முறை" என்று கூறித் தலைவன் பந்தை எடுத்துப் புதியவன் காலடியில் உருட்டுகின்றான்.